இருபத்தேழாம் கம்பம்

நெடுவரையில் உறைபனி விழுந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஏழாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஊர். முன்பெல்லாம் மார்கழி பிறந்துவிட்டால் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளுக்குத் தூக்கம் போய்விடும். விடிந்ததும் கதவைத் திறந்து தோட்டத்தைப் பார்க்கவே பயம். முதல் நாள் பச்சைப் பசேலென்று நின்ற கேரட்டும் உருளையும் வெந்நீரைக் கொட்டின மாதிரி கருகிக் கிடக்கும். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தக் கதையெல்லாம் குடை வந்ததோடு முடிந்துபோயிற்று.

குடை என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் ஒரு முழ நீளம், அது யார் வாயிலும் நுழையவில்லை. ஊர், வயல், வயலைச் சுற்றிய புல்மலைகள் எல்லாவற்றையும் வளைத்து நாற்பது கம்பங்கள் நிற்கும். பொழுது இறங்கியதும் அவற்றின் உச்சியிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று கிளம்பிப் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடிக்கொள்ளும். சூரியன் வந்ததும் தானாகச் சுருண்டுவிடும். கம்பங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை காசிமாயனுக்கு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவன் ஒரே விளக்கத்தைத்தான் சொல்லுவான். பகலில் வாங்கின சூட்டை மண் ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் பனி உறைகிறது. சோற்றுப் பானையைத் தட்டு போட்டு மூடுகிற மாதிரி மூடிவிட்டால் சூடு எங்கே போகும் என்பான்.

காசிமாயனின் மனைவி அங்கயற்கண்ணி. அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட ஊருக்கு நேரமில்லாததால் அங்கை. குடை வந்த அதே வருடம்தான் அவளுக்கும் உத்தியோகம் கிடைத்தது. புல்மலைகளில் செடி எண்ணுகிற உத்தியோகம். அவளிடம் ஒரு மீட்டர் நீள அகலத்தில் மரச்சட்டம் ஒன்று இருக்கும். இடத்தைத் தன் கண் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டு, தலைக்கு மேலாக அதைப் பின்பக்கம் எறிவாள். விழுந்த இடத்தில் மண்டிபோட்டு, சட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி என்று பார்த்துப் பட்டியலில் சேர்ப்பாள். வருடத்துக்கு நானூறு எறி. மலையேறி மலையேறி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று காசிமாயன் கிண்டல் செய்வான்.

முதல் வருடம் அவள் பட்டியலில் அறுபத்து மூன்று வகை. போன வருடம் தொண்ணூற்று நான்கு. நடுவில் ஒரு வருடம்கூட இறங்கவில்லை. கம்பெனிக்கு வாயெல்லாம் பல். வத்தலக்குண்டிலிருந்து மேலே வருகிற சாலை நெடுக 'குடைக்குள் பூத்த மலை' என்று விளம்பரப் பலகை வைத்தார்கள். அங்கைக்கு ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அவளும் அதை மடித்து பீரோவில் வைத்திருந்தாள். பெருமை இல்லாமலா?

எண்ணிக்கைக்கு ஒரு விதி உண்டு. இந்த மலைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படியொரு விதி தோன்றியிருக்காது. குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற மலை இது. இங்கே ஒரு செடி கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. விதையாகவோ கிழங்காகவோ மண்ணுக்குள் படுத்திருக்கும். ஆகவே புதுச் செடி தென்பட்டால் அன்றைக்கே பட்டியலில் சேர்க்கலாம். பழைய செடி காணாமல் போனால் பெயரை அடிக்கக் கூடாது, எண்ணத் தொடங்கி ஒரு குறிஞ்சிக் காலம் முடிகிறவரை பொறுத்து, மொத்தமாகத்தான் கழிக்க வேண்டும். மலைமேல் வைத்த மரியாதையில் போட்ட விதி அது. அதிலிருந்த ஓட்டை பன்னிரண்டு வருடமாக ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. அப்படி ஒரு பட்டியல் ஏற மட்டும்தான் செய்யும், இறங்கவே இறங்காது.

பங்குனியோடு பன்னிரண்டு வருடம் முடிந்து முதல் கழிப்பு வர வேண்டும். முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்று தை மாதம் ஒரு மத்தியானம் அங்கை தன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தாள். அழுகண்ணியைக் கடைசியாகப் பார்த்து எட்டு வருடம். சிவப்புத் தண்டுக் காசித்தும்பையைப் பார்த்து ஒன்பது வருடம். பாறைச் சந்தில் நீலமாகப் பூக்குமே, ஊரில் பெயர்கூட வைக்காத குட்டிச் செடி, அதைப் பார்த்தே பத்து வருடம். ஒவ்வொரு வருடமும், தூங்குகிறது தூங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கடந்து வந்திருக்கிறாள். அடித்துக்கொண்டே போனவளின் பேனா முப்பத்தெட்டில் நின்றது. மலையின் சொந்தச் செடிகள் அறுபத்து மூன்றில் மிச்சம் இருந்தவை இருபத்தைந்து.

அப்படியானால் கூடினது யார்? குப்பைமேனி, நாயுருவி, பார்த்தீனியம், உண்ணிச்செடி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் கேட்பாரற்று முளைக்கிற கூட்டம். பனி இருந்தவரை மேலே வந்தால் ஒரே குளிர்காலத்தில் செத்துப்போகும். பனி போனதும் ஏறி வந்து, வேரைப் பாய்ச்சி, நிழலைப் பரப்பி, மெலிந்த மண்ணில் காற்றுக்கும் குளிருக்கும் பழகிக் கிடந்த சின்னச் செடிகளை நெரித்துவிட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வாங்க வாங்க என்று வரவேற்றவள் அவளேதான். அங்கை அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்த அழுகை.

மறுநாளே கம்பெனி மேலாளர் ஜெயசீலன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் பதறாமல் பேசுகிறவர். குடைக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கிற வருடம் அது. கூடவே சுற்றுவட்டாரத்தில் இன்னும் பதினேழு மலைகளுக்குக் குடை போட அரசாங்கத்தில் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அங்கையின் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. அவள் முப்பத்தெட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் பட்டியலை வாங்கிப் புரட்டினார்.

"பொய் எழுதச் சொல்லமாட்டேன் மேடம். பேர் அடிக்கிறது பங்குனியில. அறிக்கை தை மாசத்துக்கு. தை மாசத்துல உங்க பட்டியல்ல தொண்ணூத்து நாலுதானே இருக்கு?" என்றார்.

புல்மலைகளுக்கு மேலே மட்டும் குடையைத் திறந்து வைக்க முடியாதா என்று அவள் கேட்டாள். முடியாது என்று பொறுமையாக விளக்கினார். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி வரும். மேலே ஓர் இடத்தில் திறந்தால் அத்தனை குளிரும் வழிந்து வயலுக்குள் வந்துவிடும். மூடினால் முழுவதும் மூட வேண்டும், எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். எழுந்து போகும்போது, உங்கள் அண்ணன் தோட்டமும் குடைக்குள்தான் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்கு அதிகமாக உறுத்தியது.

இவ்வளவுதான் விஷயம். அவள் தொண்ணூற்று நான்கு என்று கையெழுத்துப் போட்டால் பதினேழு மலைகளுக்கும் குடை வரும்; உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடிகள் இன்னொரு பன்னிரண்டு வருடத்தில் அங்கேயும் சத்தமில்லாமல் போய்ச் சேரும். முப்பத்தெட்டைக் கழித்து ஐம்பத்தாறு என்று எழுதினால் நெடுவரையின் குடையையும் எடுத்துவிடுவார்கள். அடுத்த மார்கழியில் அண்ணன் தோட்டம் கருகும்.

சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற காசிமாயன் அன்றைக்குச் செடிகளின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டான். தட்டில் பாதியை வைத்துவிட்டுக் கை கழுவினான். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

விடிகிற நேரத்தில் அவளை எழுப்பி, ஸ்வெட்டருக்கு மேலே இன்னொன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொன்னான். எங்கே என்று கேட்பதற்குள் வாசலில் இறங்கிவிட்டான். ஒரு மணி நேரம் நடந்தார்கள். மேற்கு மேட்டைத் தாண்டினால் கூனிப்பள்ளம் என்று ஓர் இடம். நாலு பக்கமும் மேடு சூழ்ந்த பள்ளம், இருபத்தேழாம் கம்பம் அதன் கரையில் நிற்கிறது. கம்பிவேலியில் மண்டையோடு வரைந்து 'அபாயம், மின்சாரம்' என்று பலகை தொங்கும். அந்தப் பலகை மாட்டியதிலிருந்து அங்கை அந்தப் பக்கம் போனதில்லை. காசிமாயன் சாவி இல்லாமலே வேலியைத் திறந்தான்.

உள்ளே இறங்கினதும் காலடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். புல் முழுவதும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அவள் உறைபனியை மிதித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கீழே பார்த்தாள். பாறையோரத்தில் அழுகண்ணி. அதன் பக்கத்திலேயே சிவப்புத் தண்டுக் காசித்தும்பை. பெயரில்லாத அந்த நீலக் குட்டிச் செடி இரண்டு கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அவள் அங்கேயே மண்டிபோட்டுவிட்டாள்.

"இங்க மேல குடை இல்ல," என்றான் காசிமாயன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஒம்பது வருசத்துக்கு முன்னால காத்துல கிழிஞ்சிச்சு. அதுக்கு முன்னாலயே ரெண்டு எடத்துல கிழிஞ்சு எம் பேரு கெட்டுக் கெடந்துச்சு. மூணாவதும் சொன்னா வேலை போயிரும். இருவத்தாறாம் கம்பத்துக் கணக்கையே இதுக்கும் போட்டு அனுப்பிட்டேன். பலகையும் நாந்தான் எழுதி மாட்டுனேன்."

"ஒம்பது வருசமா எங்கிட்டக்கூடச் சொல்லலயே மாமா."

"சொன்னா நீ எழுதிருவ. ஒனக்குப் பொய் வராது." கொஞ்சம் நிறுத்தினான். "செடியக் காப்பாத்துனேன்னு மட்டும் நெனச்சுக்காத. வேலையத்தான் காப்பாத்துனேன். நேத்து நீ பேரு பேராச் சொல்லும்போதுதான், அட, இதெல்லாம் அங்க கெடக்கேன்னு தோணுச்சு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. மறுபடி வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை எடுத்துவரச் சொன்னாள். அன்று பொழுது முழுக்க எறிந்தாள். காணாமல் போன முப்பத்தெட்டில் இருபத்தொன்பது அந்தப் பள்ளத்துக்குள் உயிரோடு இருந்தன. குப்பைமேனி ஒன்றுகூட இல்லை. வேலி ஓரம்வரை வந்த உண்ணிச்செடிகள் பனியில் கருகி நின்றன. இந்தப் பக்கம் வராதே என்று யாரோ கோடு கிழித்திருந்த மாதிரி இருந்தது.

மலைமேட்டில் நின்று கீழே பார்த்தபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. திறந்தால் குளிர் வழிந்து வந்துவிடும் என்றாரே ஜெயசீலன்? ஒன்பது வருடமாக இங்கே திறந்துதான் கிடக்கிறது. வயலில் ஒரு தழை கருகவில்லை. நாலு பக்கமும் மேடு இருப்பதால் குளிர் பள்ளத்துக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. இதேபோன்ற பள்ளங்களைப் பார்த்துப் பார்த்துத் திறந்தால் வயலுக்கும் பங்கம் இல்லை, செடிக்கும் பங்கம் இல்லை. அதை நிரூபிக்க ஒரே சாட்சி இந்தக் கிழிசல்தான். கிழிசலைப் பற்றி எழுதினால் காசிமாயனைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். அவள் பேனாவைத் திறக்காமலே இரண்டு நாள் கழித்தாள். மூன்றாம் நாள் அவனே வந்து எதிரே உட்கார்ந்தான்.

"எழுது. இருவத்தேழாம் கம்பம்னே எழுது. ஊர்க்கூட்டத்துல நானே எந்திருச்சுச் சொல்லிருதேன். நீ சொல்லி நான் தலையத் தொங்கப் போட்டு நிக்கிறத விட அது தேவல," என்றான்.

சம்சாரிகள் சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம்; ஜெயசீலனும் வந்திருந்தார். சங்கத் தலைவி ஒச்சம்மாள், அங்கையின் அண்ணன் மனைவி. ஊரே பயப்படுகிற பெண்பிள்ளை. பனி அடித்த காலத்தில் மூன்று வருடம் அடுத்தடுத்துத் தோட்டம் கருகி, அங்கையின் அண்ணன் திருப்பூர் மில்லுக்குப் போய், நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர். அதிலிருந்து தோட்டம் துரவு எல்லாம் ஒச்சம்மாள் பொறுப்புத்தான். நெடுவரைப் பூண்டுக்கு இன்றைக்கும் பெயர் இருக்கிறது என்றால் அதுவும் அவளால்தான். குடை வந்த புதிதில் பூண்டு பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக விளைந்து ஊரே திகைத்தபோது, அவள் கொடுக்கிற விதைப்பூண்டு மட்டும் ஒழுங்காகப் பல் பிரிந்தது. கைராசி என்று எல்லோரும் அவளிடம்தான் விதை வாங்குவார்கள்.

அங்கை எழுந்து, குடைக்குக் கீழே ஐம்பத்தாறு என்று வாசித்தாள். சலசலப்பு எழுந்தது. தொண்ணூற்று நான்கு எங்கே போயிற்று என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவள் தன் தப்பை மறைக்காமல் சொன்னாள், விதியைச் சொன்னாள், குப்பைமேனியைச் சொன்னாள். பனி ஒழிந்தது நல்லதுதானே, அதைப் போய் ஏன் திரும்பக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். அங்கை ஒச்சம்மாளைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"பனிதான் மதினி இந்த மலைக்கு வேலி. உசரம், காத்து, ஒரு சாண் மண்ணு, பனி. இந்த நாலையும் தாங்குறதுதான் இங்க இருக்க முடியும். அதனாலதான் இதெல்லாம் வேற எங்கயும் இல்ல. நாம வேலியப் பிரிச்சுட்டு, உள்ள வந்தத எண்ணிக்கிட்டு இருந்திருக்கோம்."

காசிமாயன் எழுந்தான். ஒன்பது வருடக் கதையை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், சபையில் சொல்லி முடித்தான். ஜெயசீலன் முகம் வெளுத்துப் போயிற்று. இது மோசடி, இதற்கு மேல் இவர் எங்கள் ஆள் இல்லை என்று எழுந்து அறிவித்தார். ஒரு கிழிசலால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது, ஒன்பது வருடமாக அங்கே திறந்துதான் கிடக்கிறது என்பதற்குக் கூட இவர் வாய் வார்த்தைதானே சாட்சி என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். பொய்க் கணக்கு அனுப்பினவனின் வார்த்தையை யார் நம்புவார்கள்?

ஒச்சம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"அந்தப் பள்ளத்துல பனி விழுகுதுங்கிறதுக்கு நான் சாட்சி," என்றாள். "எட்டு வருசமா என் விதைப்பூண்டுச் சாக்க அங்கதான் வச்சு எடுக்கேன். பாறையிடுக்குல நாப்பது நாளு. குளிரு பட்டாத்தான் பூண்டு பல்லு பிரியும். கைராசியாவது ஒண்ணாவது."

காசிமாயன் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். அந்த அபாயப் பலகை எதற்கு இருந்தது என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"தம்பி எழுதுன மண்டையோட்டப் பாத்தா மண்டையோடு மாதிரியா இருக்கு, பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. பயமே வரல," என்றாள் ஒச்சம்மாள். "சொன்னா ஒட்டுப் போட்டு மூடிருவாகன்னு நானும் வாயத் திறக்கல. இந்த ஊரு பூண்டு அத்தனையும் அந்தக் கிழிசல்ல பொழச்ச பூண்டுதான். எல்லாரும் வீட்டுல போயி யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார்கள். சண்டையும் போட்டார்கள். நான்கு கூட்டம் கூடி, கடைசியில் தீர்மானம் ஆயிற்று. வயலுக்கு மேலே குடை இருக்கும். புல்மலையில் மேடு சூழ்ந்த ஏழு பள்ளங்களுக்கு மேலே இருக்காது. மற்ற பதினேழு மலைகளின் கோப்பு, நெடுவரையில் மூன்று குளிர்காலம் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. கம்பெனி காசிமாயனை வீட்டுக்கு அனுப்பியது; அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஏழு பள்ளங்களின் ஓரங்களைப் பார்த்துக்கொள்ளச் சங்கமே அவனை வைத்துக்கொண்டது. ஓட்டை போடுவதில் அவனுக்குத்தான் அனுபவம் என்று ஊர் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அங்கைக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு வர அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது.

அடுத்த மார்கழியில் ஏழு பள்ளங்களும் திறந்தன. முதல் ஒன்பது நாட்கள் நன்றாகப் போயின. பத்தாம் நாள் காலை அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. ஒச்சம்மாள் தோட்டத்தின் மேல் அடுக்குகள் இரண்டில் பனி அடித்துவிட்டது. மூன்றாம் பள்ளத்தின் கீழ்க்கரை நினைத்ததைவிடத் தாழ்வு. நிறைந்த குளிர் அங்கே வழிந்து இறங்கியிருக்கிறது.

அங்கை போட்டது போட்டபடி ஓடினாள். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான். முடிந்தது. மூன்று குளிர்காலம் எங்கே, பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இனி இந்த ஊரில் யாரிடம் போய்ப் பனியைப் பற்றி வாயைத் திறப்பது? தோட்டத்துக்கு வந்தபோது ஒச்சம்மாள் மேல் அடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் கேரட் தழை கறுத்துத் தொங்கியது. வரப்பில் ஏழெட்டுச் சம்சாரிகள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு எங்களோடதுதான் மதினி," என்றாள் அங்கை. மூச்சு வாங்கியது. "நான் கரைய அளந்தது சரியில்ல. இன்னிக்குப் பொழுது சாயிறதுக்குள்ள மூடச் சொல்லிருதேன்."

ஒச்சம்மாள் குனிந்து கறுத்த தழை ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கிழங்கு மண்ணோடு வந்தது. முந்தானையில் துடைத்து, கடித்துப் பார்த்து, மென்று விழுங்கினாள்.

"மூடச் சொல்லி நான் எப்பச் சொன்னேன்?" என்றாள். "கரை தாழ்ந்திருந்தா ஓரத்தத் தள்ளிப் போடணும், அம்புட்டுத்தான். ஒம் புருசனக் கூட்டிட்டு வா, எங்க தள்ளணும்னு நான் காட்டுறேன். தழைதான் போச்சு, கெழங்குக்கு ஒண்ணும் ஆகல." வரப்பில் நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? உச்சிக்குள்ள புடுங்கியாகணும், ஆளுக்கொரு பாத்தி எறங்குங்க."

ஒருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர். அங்கை செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு மதினிக்குப் பக்கத்துப் பாத்தியில் மண்டிபோட்டாள். மண் சில்லென்று இருந்தது. கை விறைக்க விறைக்க அவர்கள் மத்தியானம்வரை பிடுங்கினார்கள்.